நாடாளுமன்றம் நினைத்தால் எந்தத் தண்டனையையும் விதிக்கலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கொடிய குற்றம் ஒன்று நடக்கும்போதெல்லாம், குற்றவாளியை ஊர் பார்க்க நடுத்தெருவில் தூக்கிலிட வேண்டும் என்ற குரல் எழுகிறது. சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. பெரும்பாலான மக்களும் அதை விரும்பினால், அப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவர என்ன தடை? கொடூரமான தண்டனை கூடாது என்று இந்திய அரசமைப்புச் சட்டத்தில் எந்த வரியிலாவது எழுதியிருக்கிறதா?"

எழுதியிருக்கவில்லை. அந்த உண்மையிலிருந்தே பதிலைத் தொடங்க வேண்டும். இங்கிலாந்து 1689-இலேயே உரிமைச் சாசனத்தில் கொடூரமான தண்டனையை விலக்கியது. அமெரிக்கா 1791-இல் தன் எட்டாம் திருத்தத்தின் வழியாக அதே தடையைத் தன் அரசமைப்பில் சேர்த்தது. இலங்கையின் 1978-ஆம் ஆண்டு அரசமைப்பில், எவரும் சித்திரவதைக்கோ கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் தண்டனைக்கோ உள்ளாக்கப்படலாகாது என்று 11-ஆம் உறுப்பு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. இந்திய அரசமைப்பில் இதற்கு இணையான ஒரு வாக்கியம்கூட இல்லை. நம் 21-ஆம் உறுப்பில் இருப்பது, சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் உடல்சார் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்ற ஒற்றை வாக்கியம்தான். அரசமைப்பு அவையின் ஆலோசகராக இருந்த பி.என். ராவ் அமெரிக்கா சென்று அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்துத் திரும்பிய பின்னர், நீதிமன்றங்களுக்கு அதிக அதிகாரம் தந்துவிடக் கூடாது என்ற கருத்து வலுப்பெற்று, வரைவில் இருந்த விரிந்த சொற்றொடர் நீக்கப்பட்டு, ஜப்பானிய அரசமைப்பின் 31-ஆம் உறுப்பைத் தழுவிய இந்தக் குறுகிய சொற்றொடர் இடம்பெற்றது. அதே ஜப்பானிய அரசமைப்பின் 36-ஆம் உறுப்பு கொடூரமான தண்டனைகளை முற்றாகத் தடை செய்கிறது. நாம் முன்னதை எடுத்துக்கொண்டோம், பின்னதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே, 1950-இல் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், "தடை ஏதும் இல்லை" என்பதே ஏறக்குறைய சரியான பதிலாக இருந்திருக்கும். அந்த ஆண்டில் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாண அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், சட்டமன்றம் முறையாக இயற்றிய எந்த நடைமுறையும் 21-ஆம் உறுப்புக்குப் போதுமானது, அது நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயாது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று பதில் வேறு. ஆனால் அந்த மாற்றம் ஒரு திருத்தச் சட்டத்தால் வந்ததல்ல. தண்டனை பெற்றவர்களே சிறையிலிருந்து தொடுத்த வழக்குகளின் வழியாக, முப்பது நாற்பது ஆண்டுகளில் அது சிறிது சிறிதாகக் கட்டப்பட்டது. அந்தத் தீர்ப்புகளை ஒருசேரப் படித்தால் அவற்றின் அடியில் ஓடுவது ஒரே கோட்பாடு என்பது என் புரிதல்: குற்றம் நடந்த நாளில் சட்டம் அனுமதித்த அளவுக்குள், குற்றவாளியை நேரில் கேட்ட நீதிபதி ஒருவர் விதித்த தண்டனை மட்டுமே தண்டனை. அதற்கு மேல் யார் எதைச் சேர்த்தாலும், அது சட்டமன்றமாயினும் சிறை அதிகாரியாயினும், கோப்பைக் கிடப்பில் போட்ட அலுவலகமாயினும், அரசமைப்புக்கு விரோதமானது.

அரசமைப்பில் வெளிப்படையாக எழுதப்பட்ட ஓர் எல்லை உண்டு. அது 20-ஆம் உறுப்பின் முதல் கூறு. ஒரு செயல் நிகழ்ந்த நாளில் அது குற்றமாக இருந்திருக்க வேண்டும். அன்றைய சட்டப்படி விதிக்கத்தக்க தண்டனையைவிடக் கூடுதலான தண்டனையைப் பின்னால் வந்த சட்டத்தைக் கொண்டு விதிக்கக் கூடாது. 1953-இல் கேதார்நாத் பஜோரியா வழக்கில், 1947-இல் நடந்த குற்றத்திற்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட கூடுதல் அபராதத்தை உச்ச நீதிமன்றம் இந்தக் கூற்றின் அடிப்படையில்தான் நீக்கியது. பலருக்கும் நினைவிருக்கக்கூடிய இன்னோர் எடுத்துக்காட்டு 2012-ஆம் ஆண்டு தில்லிக் கூட்டுப் பாலியல் வன்கொலை வழக்கு. அதில் பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தவர், அன்றைய சட்டப்படி மூன்றாண்டுகளைச் சிறப்பு இல்லத்தில் கழித்து 2015 டிசம்பரில் வெளியே வந்தார். அதே மாதத்தில், பதினாறு வயதுக்கு மேற்பட்டோரைக் கொடுங்குற்றங்களுக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்க வழி செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாடே கொந்தளித்திருந்த நேரத்திலும் புதிய சட்டத்தை அவர்மீது பாய்ச்ச எவராலும் இயலவில்லை. மறுபக்கம், பின்னால் வந்த சட்டம் தண்டனையைக் குறைப்பதாக இருந்தால் அதன் பயன் பழைய குற்றவாளிக்கும் கிடைக்கலாம் என்பதை 1965-ஆம் ஆண்டின் ரத்தன்லால் வழக்கிலிருந்து நீதிமன்றங்கள் ஏற்றுவந்திருக்கின்றன. இந்த உறுப்பு அரசின் கையை மட்டுமே கட்டுகிறது, இரக்கத்தின் கையைக் கட்டுவதில்லை.

ஆனால் இனி நடக்கப்போகும் குற்றத்திற்கு எவ்வளவு கொடிய தண்டனையையும் சட்டமாக்கலாம் அல்லவா? 20-ஆம் உறுப்பு அதைத் தடுப்பதில்லை. அங்கேதான் 21-ஆம் உறுப்பின் இரண்டாவது பிறப்பு தேவைப்பட்டது. 1978 ஜனவரியில், ஒரு கடவுச்சீட்டைப் பறிமுதல் செய்தது பற்றிய மேனகா காந்தி வழக்கில், சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை என்பது நியாயமும் நேர்மையும் தகுதியும் உடைய நடைமுறையாக இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் திகார் சிறையிலிருந்த மரண தண்டனைக் கைதி சுனில் பத்ராவின் வழக்கில், நீதிபதி கிருஷ்ணய்யர் இதன் விளைவை வெளிப்படையாகவே சொன்னார்: நம் அரசமைப்பில் அமெரிக்காவின் எட்டாம் திருத்தம் இல்லை என்பது உண்மைதான், ஆயினும் மேனகா காந்தி தீர்ப்புக்குப் பிறகு கிடைக்கும் பயன் அதுவேதான். அரசமைப்பை எழுதியவர்கள் விட்டுவைத்த வெற்றிடத்தை அந்த இரண்டு தீர்ப்புகள் நிரப்பின.

இந்தக் கோட்பாடு ஒரு சட்டப்பிரிவையே வீழ்த்திய வழக்கு மிட்டு எதிர் பஞ்சாப் மாநிலம். அது 1983-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வின் முன் வந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 303-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆயுள் தண்டனை அனுபவித்துவரும் ஒருவர் கொலை செய்தால் அவருக்கு மரண தண்டனை விதித்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை என்றது அது. ஆயுள் கைதிகளின் கையில் சிறைப் பணியாளர்கள் கொல்லப்படாமல் காப்பதற்காக எழுதப்பட்ட பிரிவு. பரோலில் வெளியே வந்த ஆயுள் கைதி ஒருவர் குடும்பச் சண்டையில், கடுஞ்சினத்தின் வேகத்தில் ஒருவரைக் கொன்றுவிட்டாலும் நீதிபதிக்குத் தேர்வே கிடையாது. எந்தச் சூழ்நிலையில் நடந்தது, அவர் எத்தகைய மனிதர், ஏன் செய்தார் என்ற கேள்விகளுக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. நீதிபதியின் மனம் ஈடுபடாமல் தானாக விழும் மரண தண்டனை நியாயமான நடைமுறையாக முடியாது என்று கூறி, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு 303-ஆம் பிரிவை முற்றாக நீக்கியது. 2012-இல் ஆயுதச் சட்டத்தின் 27-ஆம் பிரிவிலிருந்த இதே போன்ற கட்டாய மரண தண்டனையும் தல்பீர் சிங் வழக்கில் இதே காரணத்தால் வீழ்ந்தது. இந்தத் தீர்ப்புகள் மரண தண்டனையை ஒழிக்கவில்லை. ஒரு மனிதரைப் பாராமல் அவருக்குத் தண்டனை எழுத முடியாது என்பதையே நிறுவின. நாடாளுமன்றத்தின் அதிகாரத்திற்கு இடப்பட்ட எல்லைகளில் இதையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

மரண தண்டனையே அரசமைப்புக்கு ஏற்றதா என்ற பெரிய கேள்வி அதற்கு முன்பே, 1980-இல் பச்சன் சிங் வழக்கில் முடிவு செய்யப்பட்டிருந்தது. நான்கு நீதிபதிகள் அது செல்லும் என்றனர். நீதிபதி பகவதி மட்டும் மறுத்தார். செல்லும் என்றவர்களும் அதை ஒரு குறுகிய வாயிலுக்குள் அடைத்தனர். ஆயுள் தண்டனையே விதி, மரண தண்டனை விலக்கு. அரிதினும் அரிதான வழக்கில், வேறு தண்டனைக்கான வழி ஐயமின்றி அடைபட்டுவிட்ட நிலையில் மட்டுமே அதை விதிக்கலாம். குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவர் திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசு காட்ட வேண்டும் என்றனர். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மரண தண்டனைக்குச் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்று கேட்டிருந்ததற்கு இவ்வாறு ஓர் அரசமைப்பு அடித்தளம் கிடைத்தது.

நடைமுறையில் இந்த வாயில் எவ்வளவு குறுகலாக இருந்தது என்பது வேறு கதை. அந்தக் கதையைச் சொல்லாமல் சட்டத்தை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. 1983-இல் மச்சி சிங் வழக்கு கொலைகளை ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டியதிலிருந்து, குற்றவாளியைப் பார்க்கும் கண் மங்கிக் குற்றத்தின் கொடூரத்தைப் பார்க்கும் கண் மட்டும் கூர்மையானது. ராவ்ஜி என்பவரின் வழக்கில், குற்றத்தின் தன்மைதான் முக்கியம், குற்றவாளியின் சூழ்நிலை அன்று என்ற நோக்கில் மரண தண்டனை உறுதி செய்யப்பட்டு, 1996-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். 2009-இல் பரியார் வழக்கில், ராவ்ஜி தீர்ப்பு பச்சன் சிங் தீர்ப்பைக் கவனிக்காமல் எழுதப்பட்ட பிழையான தீர்ப்பு என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த அந்த ஒப்புதலால் பயன்பெற வேண்டியவர் உயிருடன் இல்லை. நீதிபதி எவர் என்பதைப் பொறுத்து உயிர் நிலைப்பதும் போவதும் அமையும் என்று பகவதி தம் மாறுபட்ட தீர்ப்பில் அஞ்சியது இதைத்தான். 2022-இல் மனோஜ் வழக்கில், குற்றவாளியின் குடும்பம், வளர்ப்பு, மனநலம், சிறை நடத்தை ஆகியவை பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்றத்திலேயே பெற்றாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருக்கிறது. பச்சன் சிங் தீர்ப்பு கேட்டதைச் செயலாக்க நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இப்போது நடுத்தெருத் தூக்குக்கு வருவோம். இந்தக் கேள்வி கற்பனையானதன்று. 1985-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணை எரித்துக் கொன்ற வழக்கில், தண்டனையை ஜெய்ப்பூரில் பொதுமக்கள் கூடும் மைதானத்தில் நிறைவேற்ற வேண்டும் என்றும் அதை முன்கூட்டியே விளம்பரப்படுத்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. லச்மா தேவி வழக்கு எனப்படும் அதில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை உடனே தடுத்தது. சிறை விதிகள் அதற்கு இடம் தரவில்லை என்பதோடு நில்லாமல், விதிகளே இடம் தந்தாலும் பொதுவெளித் தூக்கு 21-ஆம் உறுப்பை மீறும் என்றும், காட்டுமிராண்டித்தனமான குற்றத்திற்குக் காட்டுமிராண்டித்தனமான தண்டனை மறுமொழியாகாது என்றும் கூறியது. ஆகவே கேள்விக்கு நேரடியான விடை: நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டத்தை இயற்றினாலும், இன்று நிற்கும் தீர்ப்புகளின்படி அது செல்லாது. அதற்கு முன்பு 1983-இல் தீனா வழக்கில், சிறைக்குள் கயிற்றில் தூக்கிலிடும் முறை கொடூரமானதன்று என்று அதே நீதிமன்றம் ஏற்றிருந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். எல்லை இருக்கிறது என்பதும், அது நாம் விரும்பும் இடத்தில்தான் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

தண்டனை விதிக்கப்பட்ட பின் சிறைக்குள் நடப்பதற்கும் அரசமைப்பு எல்லை வகுக்கிறது. பொதுவெளியில் இதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். சுனில் பத்ரா வழக்கின் மையமே இதுதான். மரண தண்டனை பெற்றவர் என்பதாலேயே அவரைத் தனிமைச் சிறையில் அடைத்திருந்தனர். 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தைக் காரணம் காட்டினர். தனிமைச் சிறை என்பது நீதிமன்றம் மட்டுமே விதிக்கக்கூடிய தனித் தண்டனை. அதற்கும் மொத்தம் மூன்று மாதம், ஒரு தடவைக்குப் பதினான்கு நாள் என்ற உச்சவரம்புகள் தண்டனைச் சட்டத்திலேயே இருக்கின்றன. நீதிபதி விதிக்காத அந்தத் தண்டனையைச் சிறைக் கண்காணிப்பாளர் விதிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். கருணை மனு உட்பட எல்லா வழிகளும் முடியும்வரை ஒருவர் மரண தண்டனையின் கீழ் இருப்பவராகவே கருதப்பட மாட்டார் என்றும் விளக்கியது. அதே தீர்ப்பில், விசாரணைக் கைதியாக இருந்த சார்லஸ் சோப்ராஜுக்கு இடைவிடாமல் பூட்டப்பட்டிருந்த கால்விலங்கு பற்றியும் முடிவு செய்யப்பட்டது. 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், கைவிலங்கு இடுவது வழக்கமான நடைமுறையாக இருக்கக் கூடாது, தப்பியோடும் உண்மையான ஆபத்து உள்ளபோது காரணத்தை எழுதி வைத்தே இடலாம் என்று ஆயிற்று.

நம் ஊருக்கு நேரடியாகத் தொடர்புடைய தீர்ப்பு 2024 அக்டோபரில் வந்தது. ஒரு பத்திரிகையாளர் தொடுத்த சுகன்யா சாந்தா வழக்கில், சிறைகளில் சாதியைப் பார்த்து வேலை பிரிப்பதும் அறை பிரிப்பதும் அரசமைப்பின் 14, 15, 17, 21, 23 ஆகிய உறுப்புகளை மீறுவன என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. சமையல் ஒரு சாதிக்கும், கழிவறை துப்புரவு இன்னொரு சாதிக்கும் என்று பல மாநிலச் சிறைக் கையேடுகள் எழுதி வைத்திருந்தன. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைத்திருந்தது இந்த வழக்கில் பேசப்பட்டது. மோதல்களைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறோம் என்ற அரசின் விளக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்னர் ஏற்றிருந்தது. அந்த நிலைப்பாட்டோடு தன்னால் உடன்பட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. திருட்டுக்கு இரண்டாண்டுச் சிறை என்று நீதிபதி எழுதும்போது, அந்த இரண்டாண்டுகளும் மற்றவரின் கழிவை அள்ள வேண்டும் என்று அவர் எழுதுவதில்லை. அதை எழுதியது சாதி. எழுபத்தைந்து ஆண்டுக் காலம் அந்தக் கூடுதல் தண்டனை நம் சிறைகளில் சட்டப்புத்தகத்தின் துணையோடு நிறைவேறிக்கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது, தீர்ப்பு தரும் நிறைவைவிடத் தாமதம் தரும் வேதனையே எனக்குப் பெரிதாக இருக்கிறது.

தாமதம் என்பதே தண்டனையாகிவிடும் என்ற கருத்தும் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலிருந்துதான் பிறந்தது. வைத்தீஸ்வரன் எதிர் தமிழ்நாடு மாநிலம் என்பது அந்த வழக்கு. சென்னைக்கு வந்த வெளியூர்ப் பயணிகளைச் சுங்க அதிகாரிகள்போல் நடித்துக் கடத்தி, தூக்க மாத்திரை கொடுத்து, பணத்தையும் நகையையும் பறித்துக்கொண்டு கொலை செய்த ஒரு கூட்டத்தின் மூளையாக இருந்தவர் அதில் மனுதாரர். இரக்கத்தைக் கோரும் தகுதி அவரிடம் ஏதுமில்லை என்பதை நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பின் தொடக்கத்திலேயே ஒளிக்காமல் எழுதினார். ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் மரண தண்டனையின் நிழலில், அதுவும் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். இன்று விடியுமா, நாளை கயிறா என்று ஒவ்வொரு நாளும் எண்ணிக் கழிக்கும் எட்டாண்டுகள், நீதிமன்றம் விதித்த தூக்கோடு சேர்ந்த இரண்டாவது தண்டனை என்று 1983 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்து, தண்டனையை ஆயுளாக மாற்றியது. இரண்டாண்டுக்கு மேற்பட்ட தாமதம் போதும் என்ற கால அளவையும் அது வகுத்தது. அந்தக் கால அளவு நிலைக்கவில்லை. அடுத்த மாதமே ஷேர் சிங் வழக்கில் வேறோர் அமர்வு அதை ஏற்க மறுத்தது. 1989-இல் திரிவேணிபென் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கூடி, நிலையான கால வரையறை எதுவும் கிடையாது, ஆனால் நியாயமற்ற தாமதம் ஏற்பட்டால் நீதிமன்றத்தை அணுகலாம் என்று வைத்தனர். எண் போயிற்று, கருத்து நின்றது.

அந்தக் கருத்து முழு வலிமையோடு திரும்பி வந்தது 2014 ஜனவரியில், ஈரோட்டுப் பகுதியிலிருந்து சென்று தலைமை நீதிபதியான ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு சத்ருகன் சவுகான் வழக்கில் பதினைந்து பேரின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தபோது. பாலாறு கண்ணிவெடி வழக்கில் தண்டனை பெற்ற வீரப்பன் கூட்டாளிகள் நால்வரும் அவர்களில் அடங்குவர். குடியரசுத் தலைவரிடம் கருணை மனு காரணமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது சித்திரவதை என்றும், பயங்கரவாத வழக்கு என்பதற்காக இந்த உரிமையை மறுக்க முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. மனநோயாளியைத் தூக்கிலிடக் கூடாது. கருணை மனு நிராகரிக்கப்பட்ட செய்தி கிடைத்த பின் குறைந்தது பதினான்கு நாள் இடைவெளி வேண்டும் என்ற நெறிமுறைகளும் அதில் உண்டு. அடுத்த மாதம் 18-ஆம் தேதி, அதே அமர்வு ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய மூவரின் மரண தண்டனையையும் இதே அடிப்படையில் குறைத்தது. அவர்களுடைய கருணை மனுக்கள் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் முடிவின்றிக் கிடந்திருந்தன. கருணை என்பது ஆட்சியாளரின் கொடை அன்று, குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் முறையே 72, 161 ஆகிய உறுப்புகள் தந்த அரசமைப்புக் கடமை என்பதை இந்த வழக்குத் தொடர் தமிழ்நாட்டு மக்களுக்கு நன்றாகவே கற்றுத் தந்தது. அவர்களை விடுவிக்குமாறு தமிழ்நாடு அமைச்சரவை 2018-இல் பரிந்துரைத்ததை ஆளுநர் இரண்டாண்டுகளுக்கு மேல் வைத்திருந்து, பின்னர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதை ஏற்காத உச்ச நீதிமன்றம், முழுமையான நீதி வழங்கத் தேவையான ஆணையைப் பிறப்பிக்கத் தனக்கு இடம் தரும் 142-ஆம் உறுப்பின் அதிகாரத்தைக் கொண்டு 2022 மே 18 அன்று பேரறிவாளனை விடுவித்தது.

இதே வழக்குத் தொடரில் எனக்கு உடன்பாடில்லாத ஒரு தீர்ப்பும் உண்டு. 2008-இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில், மரண தண்டனை மிகை, ஆயுள் தண்டனை நடைமுறையில் பதினான்கு ஆண்டில் முடிந்துவிடக்கூடியதால் குறை என்று கருதிய உச்ச நீதிமன்றம், தண்டனைக் குறைப்புக்கு இடமில்லாமல் வாழ்நாள் முழுவதும் அல்லது இருபது, முப்பது ஆண்டுகள் என்று விதிக்கும் புதிய வகையை உருவாக்கியது. 2015 டிசம்பரில் முருகன் என்கிற ஸ்ரீஹரன் வழக்கில் மூவர் ஆதரவாகவும் இருவர் எதிராகவும் நின்று அதை நிலைநிறுத்தினர். தூக்கிலிருந்து பலரைக் காப்பாற்றிய தீர்ப்பு என்பதை மறுக்கவில்லை. ஆயினும், சட்டப்புத்தகத்தில் இல்லாத தண்டனையை நீதிமன்றமே படைப்பது, சட்டம் சொன்னதற்கு மேல் எதையும் சேர்க்காதே என்று சிறைக்கும் அரசுக்கும் அதே நீதிமன்றம் சொன்ன நெறிக்கு முரணானது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி லலித் சுட்டியதும் ஏறத்தாழ இதைத்தான்: தண்டனை எது என்று தீர்மானிப்பது சட்டமன்றம், குறைப்பது பற்றி முடிவு செய்வது அரசு. மேலும், இனி ஒருபோதும் இவரைப் பரிசீலிக்கத் தேவையில்லை என்று இன்று எழுதிவிடுவது, முப்பதாண்டு கழித்து அந்தச் சிறையறையில் இருக்கப்போகும் மனிதரைப் பார்க்காமலே முடிவு செய்வதாகும்.

நீதிமன்றமே இல்லாமல் தண்டிப்பதற்கும் அண்மையில் ஒரு தடை வந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகளைப் புல்டோசர் கொண்டு இடிப்பது சில மாநிலங்களில் வழக்கமாகியிருந்தது. நிர்வாகம் நீதிபதியாக முடியாது, ஒருவர் செய்த குற்றத்திற்காக ஒரு குடும்பத்தின் கூரையைப் பறிப்பது கூட்டுத் தண்டனை என்று 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. பதினைந்து நாள் முன்னறிவிப்பு இன்றி இடிக்கக் கூடாது என்றும், மீறும் அதிகாரிகள் தம் சொந்தப் பொறுப்பில் இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது.

இத்தனை தடைகளுக்கும் இடையில் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. மரண தண்டனைக்குச் சட்டம் வகுத்த கவனத்தில் ஒரு பங்குகூடச் சாதாரணச் சிறைத் தண்டனைக்கு இல்லை. பத்தாண்டு கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை விதிக்கும் சட்டப்பிரிவுகள் பல இருக்கின்றன. அங்கே நீதிபதியின் கை கட்டப்பட்டிருப்பதை மிட்டு தீர்ப்பின் நெறி எட்டிப் பார்ப்பதில்லை. 2015-இல் விக்ரம் சிங் வழக்கில், தண்டனை குற்றத்திற்கு அதிர்ச்சியூட்டும் அளவுக்குப் பொருத்தமற்றதாக இருந்தால் மட்டுமே தலையிடுவோம், எது தகுந்த தண்டனை என்பதை முதலில் சட்டமன்றமே அறியும் என்று உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. தூக்குமேடையை எட்டுவோர் சிலர். குறைந்தபட்சத் தண்டனையால் இளமையை இழப்போர் எண்ணற்றோர்.

கேள்வி கேட்டவருக்கு, இந்த எல்லைகள் நாடாளுமன்றத்தை உண்மையிலேயே கட்டுப்படுத்துகின்றனவா என்ற ஐயம் எழலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 104-ஆம் பிரிவைப் பாருங்கள். மிட்டு தீர்ப்பில் வீழ்ந்த பழைய 303-இன் இடத்தில் எழுதப்பட்ட பிரிவு அது. ஆயுள் கைதி கொலை செய்தால் மரண தண்டனை மட்டுமே என்று மீண்டும் எழுத நாடாளுமன்றம் துணியவில்லை. மரண தண்டனை, அல்லது இயற்கையான ஆயுளின் எஞ்சிய காலம் முழுவதும் சிறை என்று எழுதியது. நாற்பதாண்டுக்கு முன் வந்த ஒரு தீர்ப்பு அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. ஆனால் இப்போதும் நீதிபதியின் முன் இருப்பவை இரண்டே கதவுகள், இரண்டும் சிறைக்குள்ளேயே முடிகின்றன. பரோலில் வந்த இடத்தில் சினத்தின் வேகத்தில் கொன்றுவிட்ட அதே மனிதர் நாளை நீதிமன்றத்தில் நின்றால், இந்த இரண்டு கதவுகள் அவருக்குப் போதுமா என்பதை உச்ச நீதிமன்றம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.